வாலை விட்ட பல்லி

நம் யோக்யா ஊரில் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பது சுலபமில்லை, ஐயா. உங்கள் ஸ்டேஷன் மேசைமேல் இருக்கும் கோப்புகளைப் பார்த்ததும் எனக்கு முதலில் அதுதான் தோன்றியது. ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது. இந்த மழைக்காலம் முடிவதற்குள் ராமபாணப் பூச்சி உள்ளே இறங்கிவிடும். கிராம்பை மெல்லிய துணியில் முடிந்து போட்டு வையுங்கள். அவ்வப்போது வெளியே எடுத்துக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் வேண்டாம், வெயில் மையைத் தின்றுவிடும். என் வீட்டுக்கு உங்கள் ஆட்களை அனுப்புவதாக இருந்தால், கட்டிலுக்கு அடியில் உள்ள தகரப் பெட்டிகளை ஈரக் கையோடு திறக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

அந்தப் பெட்டிகளில் இருப்பவை துலுஸ் வரைந்த படக்கதைகள். ஒவ்வொன்றும் பதினாறு பக்கம், சட்டைப் பைக்குள் அடங்கும் அளவு. மலிவான பால்பாயிண்ட் பேனாவால் வரைந்து, பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் உள்ள ஜெராக்ஸ் கடையில் நகலெடுத்து, நடுவில் இரண்டு பின் அடித்தவை. பதிப்பகம் கிடையாது, விலை கிடையாது, வரைந்தவர் பெயரும் கிடையாது. எல்லாவற்றிலும் பல்லிகள்தான். கல்யாண வீட்டுக் கூரையிலிருந்து ஒரு விருந்தாளியின் தட்டில் விழுந்துவிட்டு, பாதியில் எழுந்து போவது மரியாதை இல்லை என்பதற்காகக் கடைசி வரை உட்கார்ந்து சாப்பிடும் பல்லி. நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வந்து, விளக்கருகே ஒரு பூச்சியைக் கண்டதும் எல்லாவற்றையும் மறந்துவிடும் பல்லி. முதல் புத்தகம் எனக்குக் கிடைத்தது ஒரு தள்ளுவண்டிக் கடையில், சோற்றுப் பொட்டலங்களுக்கு அடியில். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படித்து வாய்விட்டுச் சிரித்தேன். நான் அடகுக்கடையில் பொருள்களை மதிப்பிடுபவன். எங்கள் வேலையில் சிரிக்கக் கூடாது. சிரித்தால், எதிரே நிற்பவர் தன் பொருளுக்கு மதிப்பு ஏறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

துலுஸைத் தேடிக் கண்டுபிடித்தேன். மெலிந்த உடம்பு, தோளில் துணிப்பை, எப்போதும் இஞ்சிப் பால். என்னைவிடப் பல வயது சின்னவர். இருந்தாலும் அவர் என்னை 'மாஸ்' என்றார், நானும் அவரை 'மாஸ்' என்றேன். அண்ணன் என்கிற மரியாதை இரண்டு பக்கமும். அடகுக்கடையில் எல்லோருக்கும் நான் 'பாக் முர்', பெரியவர். துலுஸின் நண்பர்கள் வட்டத்தில் மட்டும்தான் மாஸ் முர். அது எனக்குப் பிடித்திருந்தது.

அவரிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. நடந்தது எல்லாவற்றுக்கும் அவைதான் காரணம், நான் இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

ஒன்று, தான் வரைந்ததை ஒப்புக்கொள்ள மாட்டார். பழைய ஆட்சியில் பெயர் போட்டால் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்ற காலத்தில் தொடங்கிய வழக்கம் அது. ஆட்சி போய்ப் பல வருடம் ஆன பிறகும் வேடிக்கையாகத் தங்கிவிட்டது.

"மாஸ் துலுஸ், புதுசு வந்திருக்கு போலயே?"

"என்னோடது இல்லப்பா."

"அப்போ பல்லி தானாவே வரைஞ்சுக்கிச்சா?"

"அதப் பல்லியக் கேளு."

தள்ளுவண்டியைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் சிரிப்பார்கள். "என்னோடது இல்ல" என்று அவர் சொன்னால் அது அவருடையது என்று பொருள். யோக்யாவில் படக்கதை படிக்கிற யாருக்கும் இது தெரியும்.

மற்றொன்று, புத்தகத்துக்குப் பணம் வாங்க மாட்டார். பண்டமாற்றுதான்.

"நீங்களே ஒங்க கையால செஞ்ச ஏதாவது ஒண்ணு கொண்டாங்க மாஸ்," என்றார் என்னிடம். "அப்பளம் பொரிச்சாலும் சரி, காயிதக் கப்பல் மடிச்சாலும் சரி."

அவர் சொன்னது உண்மைதான். ஒரு முடிதிருத்துபவர் முடிவெட்டிவிட்டுப் புத்தகம் வாங்கிப் போனார். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வாயாலேயே குயில் மாதிரி கூவிக் காட்டினார், அவருக்கும் ஒன்று கிடைத்தது. நான் ஒரு வாரம் உட்கார்ந்து மரக்கரண்டி ஒன்று செதுக்கினேன். கட்டைவிரலை வெட்டிக்கொண்டதுதான் மிச்சம். முடித்தபின் அதை மேசையில் வைத்துப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கைவேலையை எடைபோட்ட கண் இது. அந்தக் கரண்டிக்கு இந்தக் கண் என்ன மதிப்புப் போட்டிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பில் போட்டுவிட்டேன்.

எங்கள் கடையில் மீட்கப்படாத பொருள்கள் ஏலத்துக்கு வரும். அதில் ஒரு மரச்சீப்பை எடுத்தேன். அழகான வேலைப்பாடு. அதை துலுஸிடம் கொடுத்தேன்.

"அட! ஒங்க கையா இது? அடகுக்கடையில ஒக்காந்துக்கிட்டு இத்தன நாளா மறைச்சு வெச்சிருந்தீங்களே!"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. சிரித்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் பொய் சொல்வதில்லை.

அதன் பிறகு வருடக்கணக்கில் இப்படியே நடந்தது. மெழுகுச் சாயமிட்ட பாத்திக் கைக்குட்டை, தேங்காய்ச் சிரட்டை விளக்கு, எலும்பில் செதுக்கிய பொத்தான்கள். எல்லாம் முறையாக ஏலத்தில் எடுத்தவை, ரசீது இருக்கிறது. என் பெட்டிகள் நிரம்பின. துலுஸின் எல்லாப் புத்தகங்களும் உள்ள ஒரே ஆள் நான் என்று பேர் வந்தது. ஒரு பிரதி முதல் நகலா, பிற்பாடு எடுத்ததா என்று தெரிய வேண்டுமானால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அந்த ஜெராக்ஸ் எந்திரம் இடது ஓரத்தில் முடி போல ஒரு கோட்டை விடும். துலுஸ் பிழையை வெள்ளை மையால் அழிக்க மாட்டார், மேலே ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி அதன்மேல் வரைவார். நகலில் அந்த ஒட்டின் விளிம்பு மெல்லிய நிழலாக விழும். இந்த இரண்டும் இருந்தால் அசல். நான் தலையாட்டினால் அதோடு பேச்சு முடிந்தது.

பிறகு பறவைக் கூண்டு வந்தது. மூங்கில் கூண்டு, ஒவ்வொரு குச்சியும் இழைத்து இழைத்துப் பளபளவென்று இருக்கும். துலுஸ் அதை வாங்கி ஜன்னலில் மாட்டிவைத்தார். அவருக்கு வெனிங் என்று ஒரு சிநேகிதி. ரயிலடிக்கு அருகே சின்னப் புத்தகக் கடை வைத்திருப்பவள். ஒருநாள் துலுஸின் அறைக்கு வந்தவள் கூண்டைக் கவிழ்த்து அடிச்சட்டத்தைப் பார்த்திருக்கிறாள். அங்கே ஒரு மல்லிகை மொட்டு செதுக்கியிருந்தது. அவள் அப்பா தான் செய்வதில் போடும் அடையாளம் அது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அப்பா அடகு வைத்து, மீட்க முடியாமல் போன கூண்டு அது.

இதில் என்னைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. மீட்கவில்லை என்றால் ஏலம். நான் வேதனைப்பட்டது வேறொன்றுக்காக. எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே எதையும் சொல்ல மாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அவர்களும் சொல்லவில்லை. அதன் பிறகு கிட்டத்தட்ட ஒரு வருடம் நான் கொண்டுபோனதையெல்லாம் துலுஸ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெனிங் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். "இது எப்படிச் செஞ்சீங்க மாஸ் முர், எந்த உளியில?" என்று யாராவது கேட்பார்கள், மற்றவர்கள் டீயைக் குடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பார்கள். நான் அடக்கமாகச் சிரிப்பேன்.

அந்த வருட முடிவில் புதுப் புத்தகம் வந்தது. 'அடகில் வைத்த கை'. கழுத்துப்பட்டை கட்டிய ஒரு பல்லி, அதற்கு முன்னங்கால்கள் கிடையாது. அடகுக்கடையில் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் அலமாரி முழுக்க அடுத்த பல்லிகளின் கைகள், ஒவ்வொன்றிலும் சீட்டு தொங்குகிறது. தினமும் காலையில் ஒரு ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டு நண்பர்கள் வீட்டுக்குப் போய், "பார், நானே செய்தேன்" என்கிறது. கடைசிக் கட்டத்தில் கடை பூட்டியிருக்கிறது. வெளியே ஒரு கிழட்டுப் பல்லி கதவைத் தலையால் முட்டித் தட்டிக்கொண்டிருக்கிறது, தட்டுவதற்குக் கை இல்லாததால்.

நல்ல படம். அதை நான் மறுக்க மாட்டேன்.

என் பிரதியை துலுஸே கொண்டுவந்து கொடுத்தார், தள்ளுவண்டியில் எல்லோரும் இருக்கும்போது. நான் பைக்குள் கை விட்டேன், அவருக்காக ஒரு வெற்றிலைப் பெட்டி கொண்டுபோயிருந்தேன்.

"வேண்டாம் மாஸ். இதுக்கு நீங்க எதுவும் தர வேண்டாம்," என்றார். "ஏற்கெனவே நெறைய குடுத்துட்டீங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்திருக்கும். கடைக்காரர் மட்டும் என் தட்டில் வறுத்த தெம்பே சோயாத் துண்டு ஒன்றைக் கூடுதலாக வைத்தார், துக்க வீட்டில் வைப்பது போல.

எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. வீட்டுக்குப் போனேன், புத்தகத்தைப் படித்தேன், தேதி போட்டுப் பெட்டியில் வைத்தேன். பிறகு அவர் கேட்டதைச் செய்வது என்று முடிவு செய்தேன். என் கையால் ஒன்று செய்து அவருக்குக் கொடுப்பது.

இரண்டு மழைக்காலம் பழகினேன். ஜன்னல் கண்ணாடியில் அவர் பக்கத்தை வைத்து மேலே தாளை வைத்து முதலில் கோட்டைத் தொடர்ந்தேன். பிறகு கண்ணாடி இல்லாமல். பிறகு புத்தகமே இல்லாமல். அவர் பல்லியின் முதுகை வாலிலிருந்து தலைக்கு இழுப்பார், தலையிலிருந்து வாலுக்கு அல்ல. அதைக் கண்டுபிடிக்கவே பல மாதம் ஆயிற்று. பால்பாயிண்ட் பேனாவை அவர் எங்கே அழுத்துவார், எங்கே தளர்த்துவார், களைத்துப் போனால் கண்ணை எப்படி வெறும் புள்ளியாக விட்டுவிடுவார், எல்லாம் தெரிந்தது. ஒரு மனிதரை அவ்வளவு நெருக்கமாக வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள். கோடு கைவந்தபின் ஒரு சிக்கல். எனக்குப் பிழை வருவதில்லை. ஆகவே சரியாக வந்த இடத்தில் வேண்டுமென்றே தவறாக வரைந்து, மேலே துண்டுக் காகிதம் ஒட்டினேன்.

கதை வேண்டுமே. அது தெருவிலேயே இருந்தது.

ஜாரோட்டை உங்களுக்குத் தெரியும். சதுக்கத்தின் வடக்குப் பக்கம் பார்க்கிங் முழுவதும் அவர் கையில். ஆரஞ்சு மேற்சட்டை, கழுத்தில் விசில். அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை, உயர வேண்டிய அவசியம் வந்ததில்லை. பல வருடம் முன்பு அவர் தம்பி, பையன் என்றே சொல்ல வேண்டும், மார்க்கெட்டில் மோட்டார் சைக்கிள் திருடும்போது பிடிபட்டான். கூட்டம் அடித்தது. "யார்டா இவன், யார் வீட்டுப் பையன்?" என்று அடித்துக்கொண்டே கேட்டார்கள். ஜாரோட் அந்தக் கூட்டத்தில் நின்றார். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவரையும் சேர்த்து அடித்திருப்பார்கள். பையன் பிழைக்கவில்லை. இது மார்க்கெட்டில் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவர்கூட ஒருநாளும் பேசியதில்லை. ஜாரோட்டின் எதிரில் தம்பி என்ற சொல்லையே யாரும் எடுக்க மாட்டார்கள்.

அதை நான் பல்லிகளை வைத்து வரைந்தேன். 'வாலை விட்ட பல்லி'. ஒரு குட்டிப் பல்லியைக் கூட்டம் சூழ்ந்து கடிக்கிறது. கூட்டத்தில் கழுத்தில் விசில் தொங்கும் ஒரு பெரிய பல்லி. "இது யாரோட தம்பி?" என்று எல்லாப் பல்லிகளும் திரும்பிக் கேட்கின்றன. பெரிய பல்லி சொல்கிறது: "என்னோடது இல்ல." சொல்லிவிட்டு, ஆபத்தில் பல்லிகள் செய்வது போல, வாலை உதறிவிட்டுப் போய்விடுகிறது. கடைசிக் கட்டத்தில் யாருமே இல்லை. வெறும் ரோடு. நடுவில் அந்த வால் மட்டும் தனியாகத் துடித்துக்கொண்டிருக்கிறது.

நான் எதற்கு அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டீர்கள். யார் கேட்டாலும் அதைத் தவிர துலுஸ் வேறெதுவும் சொல்ல மாட்டார் என்பதால்தான்.

மாணவர்கள் ஆய்வேடு கொடுக்கும் பருவத்தில் அந்த ஜெராக்ஸ் கடையில் யார் எதை வைத்து நகலெடுக்கிறார்கள் என்று எவரும் பார்ப்பதில்லை. அதே எந்திரம், அதே ஓரக் கோடு. பிரதிகளை துலுஸ் வைக்கும் இடங்களிலேயே வைத்தேன். பெஞ்சுக்கு அடியில், கிருபுக் அப்பளத் தகர டப்பாவின் பின்னால். ஒன்றை, ஜாரோட் காலையில் காப்பி குடிக்கும் தள்ளுவண்டியில், சீனி ஜாடிக்கு அடியில். நான் யார் கையிலும் எதையும் கொடுக்கவில்லை.

அடுத்த நாள் முற்பகலில் அடையாள அட்டையை நகலெடுக்க அந்தக் கடைக்குப் போனேன். துலுஸும் அங்கே இருந்தார், தாள் வெட்டும் கட்டிங் மெஷின் பக்கத்தில் நின்று ஏதோ தாள்களை அடுக்கிக்கொண்டு. ஜாரோட் உள்ளே வந்தார். விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். புத்தகத்தை மேசைமேல் வைத்தார்.

"மாஸ் துலுஸ். இது ஒங்க கைவேலையா?"

துலுஸ் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வாய் பழகிப்போய்விட்டது.

"என்னோடது இல்ல."

பக்கத்தில் நின்ற மூன்று மாணவர்கள், அவர்களும் பழக்கத்தில்தான், சிரித்தார்கள்.

ஜாரோட் அவர்களைப் பார்க்கவில்லை. "நல்லாப் பாத்துச் சொல்லுங்க மாஸ்," என்றார், அதே மெதுவான குரலில்.

துலுஸ் புரட்டினார். பாதியில் அவர் முகம் மாறியது. கடைசிப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். "சத்தியமா, மாஸ் ஜாரோட். இது நெசமாவே என்னோடது இல்ல."

புத்தகத்தில் பெரிய பல்லி சொன்ன வார்த்தையை அவர் இரண்டாம் முறை சொன்னார்.

ஜாரோட் என் பக்கம் திரும்பினார். "பாக் முர். இவரு புத்தகமெல்லாம் சேக்கறவர் நீங்கதான்னு சொல்றாங்க. நீங்க பாத்துச் சொன்னா நான் கேட்டுக்கறேன்."

அவருக்கு நான் நியாயம் செய்ய வேண்டும். அவர் கேட்டார். தெரிந்த ஆளிடம் கேட்டார். நான் மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, கடையில் செய்வது போலவே செய்தேன். ஓரத்தைப் பார்த்தேன், ஒட்டின் நிழலைப் பார்த்தேன், பின்னைப் பார்த்தேன். துலுஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நம்பிக்கையோடு. நான் சொன்னது இவ்வளவுதான்:

"என் பெட்டியில இதுக்கு எடம் வெச்சிருக்கேன்."

அது பொய்யில்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கட்டிங் மெஷினின் நீளமான பிடி மேலே நிமிர்ந்திருந்தது. ஒரு ஆய்வேடு முழுவதையும் ஒரே அழுத்தில் நேராக்கிவிடும். ஜாரோட் துலுஸின் வலது மணிக்கட்டைப் பிடித்தார். சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை, தாள் வெட்டுகிற சத்தம்தான். நான்கு விரல்கள். கட்டைவிரல் தப்பியது.

அடுத்த நொடி ஜாரோட் வேறு ஆளாக இருந்தார். தன் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றினார். துலுஸைத் தூக்கித் தன் மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்து அவரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டரிடம் துலுஸ், மெஷினில் கை மாட்டிக்கொண்டது என்று சொன்னாராம். கடைக்காரரும் மாணவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

கீழே விழுந்து கிடந்த பிரதியை நான் எடுத்துத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஓரத்தில் கறை இருக்கிறது. முதல் பெட்டியில் மேலாகவே இருக்கும்.

சேகரிப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு, ஐயா. வெளியே சொல்ல மாட்டார்கள். வரைகிறவரின் கை ஓடிக்கொண்டிருக்கும் வரை சேகரிப்பு முடியாது. எப்போதும் ஒன்று பாக்கி இருக்கும். அன்று மாலை எல்லாப் பெட்டிகளையும் திறந்து வரிசையாக அடுக்கினேன். முதல் தடவையாக எல்லாமே என்னிடம் இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

துலுஸ் வீடு திரும்பியபின் பார்க்கப் போனேன். கட்டோடு ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். கூண்டு அங்கே இல்லை, வெனிங்கின் அப்பாவிடம் திரும்பிப் போய்விட்டிருந்தது.

"ஒங்களுக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன் மாஸ்," என்றேன். "நானே என் கையால செஞ்சது."

ஒட்டுகளோடு கூடிய அசல் பக்கங்களை அவர் மடியில் வைத்தேன். இடது கையால் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவர் கத்துவார் என்று நினைத்திருந்தேன். அதற்கும் தயாராக வந்திருந்தேன்.

"எத்தன நாளா வரையறீங்க?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"யாருக்கும் காட்டலயா?"

"யாருக்குக் காட்டறது?"

கடைசிப் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இந்த வால்... வெறும் ரோட்டுல இது மட்டும் கெடந்து துடிக்குதே. இது எனக்குத் தோணியிருக்காது மாஸ்." பக்கத்தை மடியில் வைத்துவிட்டு, "இப்படி வரையறவரு எதுக்கு மாஸ் அடுத்தவங்க கூண்டத் தூக்கிக்கிட்டு வந்தீங்க?"

கேள்வியே சரியில்லை.

"சரி. பதிலுக்கு என்ன வேணும்?" என்றார். இருக்கிற கையை விரித்துக் காட்டினார்.

"எதுவும் வேண்டாம் மாஸ். ஏற்கெனவே நெறைய குடுத்துட்டீங்க."

இரண்டு வருடமாக வைத்திருந்த வாக்கியம். நிதானமாக, சரியாக வந்தது. எழுந்து வந்துவிட்டேன். பக்கங்களை அவரிடமே விட்டுவந்தேன், கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அந்த வட்டத்தில் வழக்கமில்லை. என் வாழ்நாளில் நான் மதிப்புத் தெரியாமல் கைவிட்ட ஒரே பொருள் அதுதான்.

அவர் என்னைக் காட்டிக்கொடுப்பார் என்று காத்திருந்தேன். உங்கள் ஆட்கள் வந்தால் இருக்கட்டும் என்று தினமும் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டேன். ஒருவரும் வரவில்லை. தள்ளுவண்டியில் யாரும் என்னை வேறுமாதிரி பார்க்கவும் இல்லை.

சென்ற வாரம் வெனிங் ஒரு கண்காட்சி வைத்தாள். துலுஸின் புத்தகங்கள் எல்லாம் கயிற்றில் தொங்கின. நடுச் சுவரில் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் என் பதினாறு பக்கங்கள். கீழே அட்டையில் அச்சடித்திருந்தது: வாலை விட்ட பல்லி, துலுஸ். அவர் பெயர் ஒரு படைப்பின் கீழ் அச்சானது அதுதான் முதல் தடவை.

அதற்கு முன்னால் எப்போதும் கூட்டம் நின்றது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதுவரைக்கும் வந்ததுலயே இதுதாண்டா," என்று ஒரு பையன் தன் நண்பனிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

ஜாரோட் வந்தார். விசில் இல்லை. கஞ்சி போட்ட பாத்திக் சட்டை. கூட்டம் விலகியது. கடைசிக் கட்டத்தின் முன்னால் நின்றார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அது என் தம்பி. பேரு சிகிட். நான் அங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

மார்க்கெட் ஆட்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை.

அவர் துலுஸின் பக்கம் திரும்பினார். "மாஸ், இன்னிக்காவது நெசத்தச் சொல்லுங்க. இது நீங்க வரைஞ்சதுதானா? இல்லன்னா நான் ஒங்கள..." முடிக்கவில்லை. துலுஸ் வலது கையை மெல்லப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

எல்லோரும் அந்தப் பழைய பதிலுக்காகக் காத்திருந்தார்கள். துலுஸ் கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தார். அப்படிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"என்னோடதுதான் மாஸ்."

ஜாரோட் குனிந்து அவருடைய இடது கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதார். மற்றவர்களும் அழுதார்கள். ரொம்பப் பெரிய மனசு என்று ஒருவர் சொன்னார், எதைச் சொன்னாரோ தெரியாது. நான் பார்த்தது ஒன்றுதான். நான் வரைந்ததை, அத்தனை பேர் முன்னிலையில், என் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஒருவர் தன்னுடையது என்றார். ஒருவர்கூட ஆட்சேபிக்கவில்லை. எங்கள் அடகுக்கடையில் அதற்கு ஒரு பெயர் உண்டு, உங்கள் சட்டத்திலும் இருக்கும்.

மறுநாள் காலை இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்ததாக எழுதிக்கொள்ளுங்கள். அது உண்மையும்கூட.

இன்று நீங்கள் துலுஸை வரவழைத்தீர்கள். ஜன்னல் வழியே பார்த்தேன், ஜாரோட்டின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தார். உள்ளே உங்களோடு பேசிவிட்டு இருவரும் போய்விட்டார்கள். நீங்கள் வந்து எனக்கு டீ கொடுத்தீர்கள்.

"பாக் முர், அவரு ஒங்கள எதுவும் சொல்ல வேண்டாம்ங்கறாரு. பாவம், வீட்டுக்கு அனுப்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போறாரு. கை மெஷின்ல மாட்டிக்கிச்சு, புத்தகம் தன்னோடது, அவ்வளவுதானாம்." பிறகு தயங்கித் தயங்கி, "அடுத்தவங்க செஞ்சதத் தன்னோடதுன்னு சொல்றது ஒங்களுக்குக் கொஞ்சம் பழக்கமாமே. ஏதோ கூண்டு விஷயம் சொன்னாரு."

நான் ஒரு வெள்ளைத்தாளும் பால்பாயிண்ட் பேனாவும் கேட்டேன். உங்கள் எதிரிலேயே வரைந்தேன். வாலிலிருந்து தலைக்கு. கண்ணுக்கு ஒரு புள்ளி. கீழே ரோடு. ஒரு கோட்டைக்கூட மாற்றி இழுக்கவில்லை, நீங்களே பார்த்தீர்கள். நீங்கள் தாளை எடுத்து, பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள்.

"இங்க வந்து பாருய்யா. மாஸ் துலுஸ் வரைஞ்ச மாதிரி அச்சு அசலா இருக்கு."

கையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மெஷினில் மாட்டியது என்றே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. ஜாரோட்டையும் விட்டுவிடுங்கள். கையைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அந்தப் பதினாறு பக்கம், அந்தக் கதை, அந்தக் கோடு, நடு ரோட்டில் துடிக்கிற அந்த வால். அதை மட்டும் மேலே, முதல் வரியில், என் முழுப் பெயர் போட்டு எழுதுங்கள். முர்தியந்தோ. அது என்னோடது.